துண்டுத் துணியும் ஒரு மூலப்பொருளே!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் சுருள் சுருளாக விழும் இரும்பைக்கூட கூட்டி அள்ளி, ஸ்கிராப் என்று எடை போட்டு விற்றுவிடுகிறார்கள். ஆனால் தையல் கடையில் விழுகிற துண்டுத் துணிக்கு எடையும் கிடையாது, விலையும் கிடையாது. சாயங்காலம் ஒரு சாக்கில் அள்ளித் திணித்து குப்பை வண்டியில் ஏற்றி விடுவார்கள். அந்தச் சாக்கிலிருந்து என்னென்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம், அதில் நம்ம படிப்பு எங்கே வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

பையன் எதற்குத் தையலைப் பற்றி எழுதுகிறான் என்று சிரிக்க வேண்டாம். திருச்செந்தூரில் சட்டை, பேண்ட் தைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆண்கள்தான். எங்க வீட்டில் தைப்பது அம்மா. அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு விளையாட்டுச் சாமான் வெட்டுத்துணிதான்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துக் குத்தித் தைப்பதற்குப் பெயர் குவில்டிங். வெளிநாட்டில் குளிருக்குப் போர்த்திக்கொள்ள இப்படிச் செய்கிறார்கள். திருச்செந்தூர் வெயிலில் இதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் வெந்தே போவோம். ஆனாலும் இந்த வேலை நமக்குப் புதிது இல்லை. ஆச்சிமார் பழைய நூல் சேலைகளை நாலாக மடித்து, ஓரத்தையும் நடுவையும் ஓட்டத் தையல் போட்டு, பிள்ளைகளைப் படுக்க வைக்க ஒரு விரிப்பு தைப்பார்களே, அது குவில்ட் இல்லாமல் வேறென்ன? வங்காளத்தில் இதையே காந்தா என்று பெயர் சொல்லி, பழைய சேலையின் கரையிலிருந்து நூலை உருவி, அந்த நூலாலேயே பூவும் மீனும் தைத்து அழகு பண்ணுகிறார்கள். காந்தாவும் நம்ம 'கந்தை'யும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். அங்கே காந்தாவை கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். இங்கே கந்தை என்றால் முகத்தைச் சுளிக்கிறோம்.

தேரோட்டம் பார்த்தவர்கள் எல்லோரும் இன்னொரு வகைத் துண்டுத்துணி வேலையையும் பார்த்திருப்பார்கள். மாசித் திருவிழாவிலும் ஆவணித் திருவிழாவிலும் பத்தாம் திருநாள் தேர் வரும்போது மேலே சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சீலை சுற்றியிருக்கும். தேர்களில் உருளை உருளையாகத் தொங்குகிறதே, அதற்குத் தொம்பை என்று பேர். துணியில் பூ, யாளி, அன்னம் என்று வெட்டி எடுத்து, இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் வேலை அது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சாமிக்கு ஆகும் ஒட்டுத்துணி நமக்கு ஆகாதா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் மூலப்பொருள். எந்த மாதம் எந்தக் கடையில் என்ன துணி கிடைக்கும் என்பதற்கு நம்ம ஊரில் ஒரு காலண்டரே உண்டு. மே, ஜூனில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துண்டு. தீபாவளிக்கு முன்னால் சட்டைத்துணி. அதற்கும் முன்னால் குலசேகரன்பட்டினம் தசரா வரும். காளி வேஷம், ராஜா வேஷம், குறவன் குறத்தி வேஷம் என்று விரதமிருந்து வேஷம் கட்டுகிறவர்களுக்கு ராத்திரி பகலாகத் தைப்பார்கள். அப்போது கடையில் விழுவதெல்லாம் சிவப்பு சாட்டின், வெல்வெட், ஜரிகை. பார்க்க மினுமினு என்று ஆசையாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். சாட்டின் கையில் நிற்காது, மெஷின் பல்லிலும் வழுக்கும், வெட்டிய ஓரம் பிரிந்து பிரிந்து வரும், அயர்ன் பாக்ஸ் சூடு கொஞ்சம் கூடினால் சுருண்டு விடும். பனியன் துணியும் இழுபடும், வேண்டாம்.

பழகுகிறவர்களுக்கு உலகத்திலேயே நல்ல துணி எது என்று என்னைக் கேட்டால், கட்டம் போட்ட பழைய நூல் சாரம் என்பேன். (வெளியூர் நண்பர்களுக்காக: சாரம் என்றால் கைலி.) ஏனென்றால் அதில் கட்டம் அச்சடித்தது இல்லை, நெய்தது. கோடு போகிற வழியேதான் நூலும் போகும். கோட்டைப் பிடித்து வெட்டினால் ஸ்கேலும் வேண்டாம், சாக்கும் வேண்டாம், சதுரம் சதுரமாகவே வரும். கிராஃப் ஷீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை!

நூல் போகிற வழி ஏன் முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு துணியை நீளவாக்கில் இழுங்கள், அசையாது. அகலவாக்கில் இழுங்கள், கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை, அதாவது 45 டிகிரியில் இழுங்கள், ரப்பர் மாதிரி வரும். நாலு பட்டையை நாலு ரிவெட் அடித்துச் சதுரச் சட்டமாக்கி, எதிரெதிர் மூலையைப் பிடித்து இழுத்தால் சாய்சதுரமாக மாறுமே, அதே கதைதான். நெசவில் ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னச் சட்டம். பட்டையின் நீளம் மாறவில்லை, மூலையின் கோணம்தான் மாறுகிறது. ஆகவே கோணலாக வெட்டிய துண்டைச் சேர்த்தால், தைக்கும்போது சரியாக இருப்பது துவைத்தபின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்து, துணி பருத்தியா பாலியஸ்டரா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, சாம்பல் விரலில் பூப்போல உதிர்ந்தால் பருத்தி. சுருங்கி உருகி, ஆறினபின் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நின்றால் பாலியஸ்டர். இரண்டும் கலந்தது என்றால் சாம்பலுக்குள் மணி நெருடும். யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் கலப்புதான். பை தைக்க அது பரவாயில்லை. அடுப்படிக்கு ஆகாது. பாலியஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகிவிடும். உருகினது தோலில் ஒட்டினால் துணியை உதறுவது மாதிரி உதற முடியாது.

இப்போது முதல் வேலை. அடுப்பில் சட்டி இறக்குகிற பிடிதுணி. சின்னது, சதுரமானது, கோணல் வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

நூல் துணிகளைத் துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, அயர்ன் பண்ணி, 3 அங்குலச் சதுரமாக ஒன்பது துண்டு வெட்டுங்கள். ஐந்து அடர்ந்த நிறம், நாலு வெளிர் நிறம். சதுரங்க அட்டை மாதிரி மூன்று வரிசையாக அடுக்குங்கள். ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையல். ஒவ்வொரு வரிசையையும் தனியாகச் சேர்த்துக்கொண்டு, உள்பக்கம் நிற்கும் ஓரங்களை மடக்கி அயர்ன் பண்ண வேண்டும். முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் வலப்பக்கம் மடக்கினால், நடு வரிசையில் இடப்பக்கம் மடக்குங்கள். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பில் போய், கீ-வேயில் கீ உட்கார்ந்த மாதிரி உட்காரும். நாலு மூலை சேருமிடம் கூராக வருவதற்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. முடிந்ததும் 8 அங்குலச் சதுரம் கையில் இருக்கும்.

அந்தக் கால் அங்குலத்தைப் பற்றி நம்ம துறைக்காரர்களுக்கு ஒரு கணக்கு. தையல் 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தையல் இரண்டு துண்டிலிருந்தும் தின்னும், ஆக 2 மில்லிமீட்டர் போச்சு. மூன்று துண்டு வரிசையில் இரண்டு தையல், 4 மில்லிமீட்டர் குறையும். இதை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டி விடலாம். பத்துத் துண்டு வரிசையில் ஒன்பது தையல், 18 மில்லிமீட்டர். எங்கே போய்ச் சரிக்கட்டுவது? டாலரன்ஸ் கூடிக்கொண்டே போவது என்று வகுப்பில் சொன்னபோது எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் அம்மாவின் மெஷின்தான். எங்க குடும்பத்தில் வெர்னியர் காலிப்பர் என்ற பேரை உச்சரித்த முதல் ஆள் நான். ஆனால் அளவு தப்பினால் என்னவாகும் என்பது எங்க வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மெஷின் பிளேட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசிக்கொண்டே போகச் செய்தால் போதும். அதுவும் ஒரு ஜிக்தான்.

நடு அடுக்குக்குக் கடையில் விற்கும் பஞ்சு ஷீட் வேண்டாம். அது பெரும்பாலும் பாலியஸ்டர், தவிர காசு. பழைய தேங்காய்ப்பூத் துண்டு இரண்டு மடிப்பு போதும். கீழே துண்டு, அதன்மேல் அடித்துணி நல்ல பக்கம் மேலே பார்க்க, அதன்மேல் ஒன்பது கட்டத் துணி நல்ல பக்கம் கீழே பார்க்க. இப்படி அடுக்கி, ஒரு மூலையில் இரண்டு நல்ல பக்கத்துக்கும் நடுவே ஒரு நாடாவை உள்ளே பார்க்கும்படி செருகி, சுற்றிலும் தைத்து 3 அங்குலம் மட்டும் வாய் விடுங்கள். மூலைகளைக் கத்தரித்து, வாய் வழியாகத் திருப்புங்கள். துண்டு உள்ளே போய்விடும், நாடா வெளியே வந்துவிடும். வாயைக் கையால் தைத்து மூடி, கட்டங்கள் சேர்ந்த கோட்டின் மேலேயே மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரு ஓட்டு ஓட்டினால் வேலை முடிந்தது. துணி கனமாக இருக்கும், 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள்.

ஏன் மூன்று அடுக்கு? சூட்டைத் தடுப்பது உண்மையில் துணி இல்லை, துணிக்குள்ளே அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்று. அதனால்தான் ஈரப் பிடிதுணியால் இட்லிச் சட்டியைத் தூக்கினால் 'சுர்'ரென்று சுடுகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எங்க ஆச்சி ஈரத்துணியைக் கையில் எடுத்தாலே "ஏல, கைய வெந்துக்காத" என்று சத்தம் போடுவாள். தெர்மல் கண்டக்டிவிட்டி படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறாள்.

நடுவில் குத்துகிற தையல் அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்க வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தைக்கக் கொடுத்திருந்தவர்களின் துணியெல்லாம் சேறானது, அம்மா அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதை எழுத இங்கே இடமில்லை. சொல்ல வந்தது இதுதான். நனைந்த இலவம்பஞ்சு மெத்தை காய்ந்தபின் பந்து பந்தாக ஒரு மூலையில் ஒதுங்கி, தூக்கித்தான் போட்டோம். அதே தண்ணீரில் கிடந்த ஆச்சியின் பழஞ்சேலை விரிப்பை அலசிக் கொடியில் போட்டோம். வெயில் வந்த இரண்டாம் நாளே காய்ந்து, இன்றைக்கும் அதில்தான் தங்கச்சி படுக்கிறாள். விரிப்பில் மூன்று விரற்கடைக்கு ஒரு தையல் ஓடியிருந்தது, உள்ளே இருந்தது நகர இடமில்லை. மெத்தையில் அங்கங்கே நாலு முடிச்சு மட்டும்தான். ஆகவே தையலுக்குத் தையல் மூன்று, நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டாம்.

இரண்டாவது, நம்ம மாணவர்களுக்கென்றே ஒன்று. மினி டிராஃப்டர் உறை. கடையில் டிராஃப்டரோடு வரும் பிளாஸ்டிக் உறை ஒரு செமஸ்டர்கூட தாங்குவதில்லை. பஸ்ஸில் அது வெளியே நீட்டிக்கொண்டு, கண்டக்டர் முதுகில் குத்தி, ஏச்சு வாங்குகிறோம். இதற்கு அளந்து வெட்டவே வேண்டாம். பேண்ட் தைக்கும் கடையில் நீள நீளமாக விழும் ஒல்லித் துண்டுகள் போதும், அகலம் ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலும் சரி. டிராஃப்டரை மடக்கி அளந்து, அதன் நீளத்தோடு 2 அங்குலம், அகலத்தைப் போல் இரண்டு மடங்கோடு 3 அங்குலம் கூட்டி, ஒரு பழைய வேட்டித் துணியை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் ஒரு ஓரத்தில் முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே வைத்து, அதன்மேல் இரண்டாம் பட்டையைக் கவிழ்த்து, ஓரம் சேர்த்து அடித்துணியோடு ஒரே தையல். இரண்டாம் பட்டையைத் திருப்பி விரித்து அயர்ன் பண்ணுங்கள். மூன்றாவதைக் கவிழ்த்துத் தையுங்கள், திருப்புங்கள். அடித்துணி மூடும்வரை இதுதான். பிறகு நல்ல பக்கம் உள்ளே போக நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஒரு பக்கமும் அடியும் தைத்து, வாயை மடக்கிச் சுருக்கு நாடா கோத்து, திருப்பிவிட்டால் உறை. அதாவது, ஆச்சி இடுப்பில் செருகுகிற சுருக்குப்பையை நீட்டி விட்டது.

தலையில் பெட்டி சுமக்கிறவர்கள் வைக்கும் சும்மாடு, கால்மிதி, டம்ளர் வைக்கும் வட்டம் இதெல்லாமும் செய்யலாம். இரண்டு பிடிதுணி தைத்தவர்களுக்கு அவை தானாக வரும்.

அளவே பார்க்காமல் தைக்கிற இன்னொரு வழியும் இருக்கிறது. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டக் காட்டுப் பகுதியில் சித்தி என்ற இன மக்கள் இருக்கிறார்கள். (சின்னம்மா இல்லை, இது வேறு சித்தி.) ஆப்பிரிக்காவிலிருந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். அந்தப் பெண்கள் தைப்பதற்குக் கவுதி என்று பெயர். ஒரு பழைய சேலையை விரித்து, மூலையில் ஆரம்பித்து, ஓரத்தோடு ஓரமாகத் துண்டுகளை வைத்துக் கையால் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூ மாதிரி வைக்காவிட்டால் அது முடிந்ததாகவே கணக்கில்லை. எங்க ஆச்சி தைப்பதும் ஏறக்குறைய இந்த ரகம்தான், கையில் எது வருகிறதோ அது. நான் அளந்து வெட்டி அடுக்கும் கட்சி. யார் வேலை பார்க்க நன்றாக இருக்கிறது என்று வீட்டில் ஓட்டெடுப்பு வைத்தால் ஆச்சிதான் ஜெயிப்பாள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சாவளிப் பெண்கள், வயலில் உடுத்திக் கிழிந்த துணிகளில் தைத்த குவில்ட்களை 2002இல் ஹூஸ்டன் நகர மியூசியத்தில் ஓவியம் போலச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டது. நம்ம கடற்கரையிலும் ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை நிறுவனம், சுற்றியுள்ள மீனவக் கிராமத்துப் பெண்களுக்குத் தன்னிடம் மிஞ்சிய துண்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். அந்தப் பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். 2019 ஜனவரியில் சென்னையில் 'இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்' என்று கண்காட்சியே நடந்தது. ஆகவே இது உதவாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் 'குப்பையிலிருந்து கோடி' என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. துணி இலவசம் சரி, கை இலவசமா? அம்மா ஒரு பிடிதுணி தனியாகத் தைத்தால் 50 நிமிடம். 30 ரூபாய் விலை சொன்னார்கள். ஒரு கடைக்காரர் 15க்கு மேல் ஏறவே இல்லை, "வேஸ்ட் துணிதானேம்மா" என்றார். 15 ரூபாய் என்றால் மணிக்கு 18 ரூபாய் கூலி. சாதா ரவிக்கை தைத்தாலே அம்மாவுக்கு மணிக்கு 60 ரூபாய் நிற்கும். அம்மா "துணிதான் வேஸ்ட்டு, நான் வேஸ்ட் இல்ல" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றாக முடிக்காமல் இருபதுக்கும் ஒரே நாளில் வெட்டு, இருபதுக்கும் வரிசைத் தையலை நூல் அறுக்காமல் தொடராக ஓட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் அயர்ன். பேட்ச் புரொடக்‌ஷன் என்று நாம் படிப்பதுதான். இருபதும் சேர்ந்து 8 மணி 20 நிமிடத்தில் முடிந்தது, ஒன்றுக்கு 25 நிமிடம். கடைக்குக் கொடுக்காமல், ரவிக்கை வாங்க வருகிறவர்களிடமே 30 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 72 ரூபாய் ஆகிறது. அதுவும் ஆடியிலும் மார்கழியிலும்தான். அந்த மாதங்களில் கல்யாணம் கிடையாது, ரவிக்கையும் வராது, மெஷின் சும்மா நிற்கும். கல்யாண மாதத்தில் இதில் உட்கார்ந்தால் நஷ்டம். போன ஆடியில் விற்ற காசில்தான் என் பரீட்சை ஃபீஸ் போனது. சமூக நலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் வாங்கி, ரவிக்கை ஆர்டர் இல்லாமல் மூடி வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள்.

முதலாமாண்டு தம்பி தங்கைகளில் டிராஃப்டர் உறை தைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள், பழைய சாரமோ வேட்டியோ ஒரு துண்டும் நூலும் கொண்டு வந்தால், சனிக்கிழமை மதியம் ஹாஸ்டல் வராந்தாவில் நான் சொல்லித் தருகிறேன். மெஷின் தேவையில்லை, கைத்தையலே போதும். கத்தரி மட்டும் அவரவர் கொண்டு வரவும். அம்மாவின் கத்தரியில் கை வைக்க எனக்கே அனுமதி இல்லை.